நன்றி சொல்லாத பாதை

நவம்பர் 3, திங்கள்

வந்து சேர்ந்துவிட்டோம். சாமான் ஏற்றிவந்த வான் திரும்பிப் போன பிறகுதான் இந்த இடம் எவ்வளவு அமைதி என்று தெரிந்தது. லண்டனில், சவுத்ஹாலில், எங்கள் அறைகளுக்கு மேலே ஒரு குடும்பம் இருந்தது. அவர்களுடைய பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடும் சத்தத்துக்குக் கீழேதான் நான் சமைத்தேன், சாமி கும்பிட்டேன், என் மனுசன், இவர், நெஞ்சு வருத்தத்தோடு ஆசுபத்திரியில் கிடந்தபோது அழுதேன். இங்கே தலைக்கு மேலே ஓடு, அதற்கு மேலே வானம். முதல் வேலையாகக் குசினி அடுப்படியில் நின்று மேலே பார்த்துக் காது கொடுத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. சந்தோஷமாக இருந்தது.

இது ஆஷ்லோ ஹால் என்கிற பெரிய மாளிகையின் காவல் வீடு. மாளிகை உள்ளே, மரங்களுக்கு அப்பால் இருக்கிறது. நாங்கள் மேற்கு வாசலில். மாளிகையின் உள்வேலை எனக்கு. பாய்லர், வாசல்கள், இலை கூட்டுவது எல்லாம் இவருக்கு. வேலை இருக்கும் வரை வீடு, வேலை போனால் வீடும் போகும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. இவர் அதை மட்டும் இன்னொரு தரம் வாசித்துவிட்டுத்தான் பேனையைத் திறந்தார்.

இந்த டயறி மகள் தந்தது. "நாள் முழுக்க இங்கிலீஷ் கதைச்சா வாய் நோகும் அம்மா, பின்னேரத்தில இதுக்குள்ள தமிழ் கதையுங்கோ" என்றாள். அப்படியே ஆகட்டும்.

நவம்பர் 5, புதன்

நிர்வாகி பென்விக் மாளிகையைச் சுற்றிக் காட்டினார். அவர் பேசியதை என் யாழ்ப்பாணத் தமிழில்தான் எழுதப்போகிறேன். இங்கிலீஷில் எல்லாருக்கும் ஒரே 'யூ'. யார் என்னை 'நீங்கள்' என்கிறார், யார் 'நீர்' என்கிறார் என்று முகத்தைப் பார்த்து நான்தான் தீர்மானிக்க வேண்டும். பென்விக்கின் முகத்துக்கு 'நீங்கள்' கொடுத்தேன். என் மகனின் வயதுதான் இருக்கும், சப்பாத்தை மட்டும் கண்ணாடி போல மினுக்கி வைத்திருக்கிறார்.

முந்நூறு வருடத்துக்கு முன்பு ஜோசையா லெவிட் என்ற பிரபு கட்டிய மாளிகை. காசு எங்கேயோ கடல் கடந்த கரும்புத் தோட்டத்திலிருந்து வந்தது. அவருடைய பேரனுக்கு ஒரு மனக்குறை. விருந்து மண்டபத்து யன்னலால் பார்த்தால் கிராமம் தெரிகிறது, சனங்கள் உடுப்புக் காயப்போடுவது தெரிகிறது. என்ன செய்தார்? கிராமத்தையே பெயர்த்துக் கிழக்கே குன்றுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தார். ஊர் நின்ற பள்ளத்தில் தண்ணீரைக் கட்டிக் குளமாக்கினார். தேவாலயத்தை மட்டும் அசைக்க முடியவில்லை, சுற்றிவரக் கல்லறைகள். அதனால் அது எங்கள் வாசலுக்கு எதிரே, றோட்டைக் கடந்தால், துணையில்லாமல் நிற்கிறது. பென்விக் இதையெல்லாம் ஒரு நல்ல ஓவியத்தை விளக்குவது போலச் சொன்னார்.

பிறகு புல்வெளி. எந்தப் பக்கம் பார்த்தாலும் வேலி இல்லை, மாடுகள் தூரத்தில் மேய்கின்றன, ஒன்றும் இந்தப் பக்கம் வரவில்லை. கிட்டப் போனால்தான் ஆழமான பள்ளம் ஒன்று தெரிகிறது, ஒரு பக்கம் கற்சுவர். வேலி இருக்கிறது, மாளிகையிலிருந்து பார்த்தால் தெரியாது. பார்க்கிறதெல்லாம் தன் காணி என்று பிரபு நினைத்துக்கொள்ளலாம். வேலிக்காக வழக்குப் போட்டுக் கோட்டுப்படி ஏறிய சனம் நாங்கள். எங்களில் ஒருவருக்கும் இந்த யோசனை வந்ததில்லையே என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

மிஸ் லவீனியா லெவிட் என்ற கடைசி வாரிசு போன வருடம் காலமாகிவிட்டார். இப்போதைய முதலாளி வெளிநாட்டில். கோடையிலிருந்து இங்கே கல்யாணங்கள் நடக்குமாம். "வாறவைக்கு நல்ல முகம் காட்டுறதுதான் உங்கட வேலையில முக்காவாசி" என்றார் பென்விக். அது எனக்குச் சொல்லித்தர வேண்டிய விஷயமில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

காலையில் தோசையைக் கல்லில் ஊற்றிவிட்டு நிமிர்ந்தால் யன்னலுக்கு வெளியே ஆட்கள். குன்றிலிருந்து இறங்கி, குளக்கரையால் வந்து, எங்கள் குசினியை உரசிக்கொண்டு ஒரு பாதை போகிறது. அது முடிகிற இடத்தில் ஒரு ஆள் நுழைகிற அளவில் சின்னப் படலை. அதைத் தாண்டினால் றோட்டு, எதிரே தேவாலயம். கிராமத்துச் சனம் பூசைக்குப் போகிறார்கள்.

கையைக் காட்டினேன். ஒருவரும் திரும்பவில்லை. முன்னாலே ஊன்றுகோலோடு போன உயரமான அம்மா என்னைப் பார்த்தார், பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஓடிப்போய்க் கதவைத் திறந்து "குட் மார்னிங்" என்றேன். சப்பாத்துச் சத்தம்தான் பதில்.

"வெள்ளைக்காரர் அப்பிடித்தான் மலர், விடும்" என்றார் இவர்.

"இவ்வளவு காலமா வெள்ளைக்காரரை நானும் பாக்கிறன். மழையைப் பற்றியாவது கதைப்பினம்."

தோசை கருகிவிட்டது.

நவம்பர் 19, புதன்

மாளிகையை நித்திரையாக்குகிறோம். அப்படித்தான் இங்கே சொல்கிறார்கள். குளிர்காலம் முழுக்கப் பார்வையாளர் இல்லை, அதனால் ஒவ்வொரு அறையாகத் தூசி தட்டி, யன்னல் பலகைகளை மூடி, கதிரை மேசைகளுக்கு வெள்ளைச் சீலை போர்த்த வேண்டும். துணியால் துடைக்கக் கூடாது. குதிரை மயிர்த் தூரிகையால் மேலிருந்து கீழே, பிள்ளையின் முகம் தடவுவது போல. கதிரைகளில் பைன் மரத்துக் காய்களை வைத்திருக்கிறார்கள், ஆரும் வந்து குந்திவிடாமல். 'இருக்கக் கூடாது' என்று சொல்லாமல் சொல்வதில் இந்த நாட்டுக்காரர் கெட்டிக்காரர்கள்.

மாடிப்படிச் சுவரில் இரண்டு படங்கள். ஒன்றில் மாளிகைக்கு முன்னால் ஒரு தெரு, இருபுறமும் கூரைகள், புகை, தெரு முடிவில் தேவாலயம். மற்றதில் அதே மாளிகை, அதே தேவாலயம், நடுவில் குளமும் இரண்டு அன்னங்களும். முதல் படத்தில் ஒரு வீட்டு வாசலில் சின்னப் பொம்பிளை ஒருத்தி, ஒரு நகக்கண் அளவு. அவளைத் தூசி தட்டும்போது தூரிகையை மெதுவாகப் பிடித்தேன்.

நவம்பர் 27, வியாழன்

மழை. பாய்லர் நின்று பிறகு வேலை செய்தது.

டிசம்பர் 2, செவ்வாய்

காரில் றோட்டால் சுற்றிக் கிராமத்துக் கடைக்குப் போனோம். மூன்று மைல், ஓரத்தில் கால் வைக்க இடமில்லாத றோட்டு. கடையில் அந்த ஊன்றுகோல் அம்மா. என்னைக் கண்டதும் தானாகவே வந்து கையைப் பிடித்தார். பெயர் மிஸிஸ் பெடோஸ். தேவாலயத்தைப் பூட்டித் திறக்கிற திறப்பு அவரிடம்தான் இருக்கிறதாம். குளிர் எப்படி, காவல் வீட்டுப் புகைக்கூடு அடைக்கிறதா, எங்கேயோ கேள்விப்பட்ட இவருடைய நெஞ்சு வருத்தம் எப்படி என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். கார் ஓட்டுவதில்லை, பஸ்ஸும் நின்றுவிட்டது, கால் இருக்கும் வரைக்கும் நடைதான் என்றார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

அப்படியானால் பாதையில் ஏன் அந்த முகம்? கடையில் தேனாக இருந்தவர் என் வாசலில் கல்லாக இருக்கிறார். நான் ஏதோ பிழை விட்டிருக்க வேண்டும். அல்லது அவர்களுக்குத்தான் அந்நிய வீட்டு முற்றத்தால் போகிறோம் என்று கூச்சமாக்கும்.

டிசம்பர் 7, ஞாயிறு

போனார்கள். ஒருவரும் பார்க்கவில்லை. கூச்சம்தான். நிச்சயம் கூச்சம்.

டிசம்பர் 14, ஞாயிறு

குதிரைலாயத்தில் கிடந்த ஒரு பலகையை இவர் அறுத்துத் தந்தார். வெள்ளை பூசி, பச்சை எழுத்தில், இங்கிலீஷில், நானே எழுதினேன். "ஆஷ்லோ ஹால் உங்களை அன்புடன் வரவேற்கிறது. இந்தப் பாதையால் தாராளமாகப் போய்வர உங்களுக்கு அனுமதி உண்டு." சுற்றிவர, கிறிஸ்மஸ் காலத்தில் இங்கே கதவுகளில் கட்டுகிற ஹோலி இலையும் சிவப்புப் பழமும் கீறினேன். இவர் படலைத் தூணில் ஆணி அடித்துக் கொழுவினார். "பென்விக்கிட்ட ஒரு சொல் கேட்டிருக்கலாம்" என்றார். வாசலால் போகிறவர்களை வாங்கோ என்று சொல்வதற்கு எந்த ஊரில் கேட்டுக்கொண்டு இருக்கிறார்கள்?

இனிக் கூச்சப்படமாட்டார்கள்.

டிசம்பர் 21, ஞாயிறு

நத்தார்ப் பாட்டுப் பூசை. யேசு பிறப்புக்கு என்று வழக்கத்தைவிட நிறையச் சனம். படலையடியில் எல்லாரும் நின்றார்கள். ஒரு சின்னப் பிள்ளை பலகையை உரத்து வாசிக்கத் தொடங்கியது, தாய் வாயைப் பொத்தினாள். மிஸிஸ் பெடோஸ் நீண்ட நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஒரு தட்டில் மீன் றோல்ஸ் வைத்துக்கொண்டு கதவடியில் நின்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. அதைவிட மோசமாக ஏதோ இருந்தது.

றோல்ஸை நாங்களே சாப்பிட்டோம்.

ஜனவரி 1, வியாழன்

வெள்ளையாக உறைபனி. பூசை நாளில்லை, ஆனாலும் ஊரே வந்தது. கிழவர்கள், கைக்குழந்தைகள், சக்கர நாற்காலியில் ஒருவர். பேச்சில்லாமல் பாதையால் வந்து, படலையைத் திறந்து, றோட்டைத் தொட்டுவிட்டு, திரும்பி அதே வழியால் போனார்கள். தேவாலயத்துக்குக்கூடப் போகவில்லை.

இவர் யன்னல் சீலையை இழுத்துவிட்டார். "இதென்ன சடங்கோ தெரியாது, நாங்கள் பாக்க வேண்டாம்."

ஜனவரி 9, வெள்ளி

பென்விக் கமராவோடு வந்தார். பலகையை முன்னால், பக்கவாட்டில், தூணோடு சேர்த்து என்று பல விதமாகப் படம் எடுத்தார்.

"இதை எப்ப வச்சனீங்கள்?"

"டிசம்பர் பதினாலு. நத்தாருக்கு முந்தி."

"வடிவா ஞாபகம் இருக்கோ?"

"பூச்சுக் காயாமல் என்ர கையில ஒட்டினது. ஞாபகம் இருக்கு."

அவர் சிரித்த சிரிப்பை இந்த இரண்டு மாதத்தில் பார்க்கவில்லை. "மிஸிஸ் குணரத்தினம், நீங்கள் எங்களைக் காப்பாத்திப் போட்டியள்" என்றார். எதிலிருந்து என்று சொல்லவில்லை. மத்தியானம் ஒரு கூடை நிறையப் பழமும் பிஸ்கட்டும் வந்தது. இவருக்கு நல்ல சந்தோஷம். எனக்கும் சந்தோஷம்தான். பலகையை ஒருவராவது மதித்தாரே.

ஜனவரி 16, வெள்ளி

குளத்தின் அணையில் கசிவு என்று தண்ணீரை இறக்கியிருக்கிறார்கள். இலை கூட்டப் போன இவர் ஓடிவந்து கூட்டிக்கொண்டு போனார். சேற்றுக்குள்ளிருந்து அந்தத் தெரு வெளியே வந்திருக்கிறது. மாடிப்படிப் படத்தில் பார்த்த அதே தெரு. உருண்டைக் கல் பாவி, குன்றுப் பக்கமிருந்து தேவாலயத்தை நோக்கி நேராக. இருபுறமும் வீட்டு வாசற்கற்கள் நடுவில் தேய்ந்து கிடக்கின்றன.

ஒரு வாசற்கல்லில் மிஸிஸ் பெடோஸ் நின்றார். முழங்கால் வரைக்கும் சேறு.

"இது எங்கட வீடு" என்றார். "தேவாலயத்துப் பதிவில இருக்கு, வடக்குப் பக்கம் நாலாவது வாசல், பெடோஸ் குடும்பம்."

"அப்ப இந்தத் தெருவும் உங்கடைதானே" என்றேன்.

"தெருவை மூடச் சொல்லி அந்தக் காலத்து நீதவான் கையெழுத்து வச்ச கடதாசி மாளிகையில இருக்கு. பிரபுவும் அவரும் ஒரே மேசையில சாப்பிட்டவை. இது போனது போனதுதான். எங்களுக்கு மிஞ்சினது கரையால போற அந்தப் பாதை ஒண்டுதான்."

பிறகு, இது பாதை இல்லை, இங்கே கதைக்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னார்.

இந்த நாட்டுச் சட்டத்தில் ஒரு வழியால் சனம் இருபது வருடம் இடைவிடாமல் நடந்தால் அது சனத்தின் வழி. ஆனால் ஒளித்து நடக்கக் கூடாது, சண்டை பிடித்து நடக்கக் கூடாது, வீட்டுக்காரரின் அனுமதியோடும் நடக்கக் கூடாது. அனுமதி என்று ஒன்று வந்துவிட்டால் அது உரிமை இல்லை, தயவு. மிஸ் லவீனியாவுக்கு இது தெரியும். ஒவ்வொரு புதுவருடத்தன்றும் படலையை ஒருநாள் பூட்டி வைப்பார், இருபது வருடம் ஒருபோதும் சேராமல் இருக்க. அவருக்கு நடக்க ஏலாமல் போன பிறகு பூட்ட ஆள் இல்லை. அன்றிலிருந்து ஊர் வாயை மூடிக்கொண்டது. பாதையில் நிற்கிறபோது மாளிகை ஆட்களிடம் 'போகலாமா' என்று கேட்கக் கூடாது. 'நன்றி' என்று சொல்லக் கூடாது. தலைகூட ஆட்டக் கூடாது. பிள்ளைகளுக்கும் அப்படியே பழக்கியிருக்கிறார்கள்.

இந்தப் புதுவருடத்தோடு இருபது வருடம் நிறைந்தது, அன்று ஊரே வந்து றோட்டைத் தொட்டது அதற்குத்தான். மறுநாளே கவுன்சிலுக்கு விண்ணப்பம் போட்டார்கள். புது முதலாளி கல்யாணக்காரருக்காகப் பாதையை அடைக்கப் போகிறார் என்று அவர்களுக்குத் தெரியும். பாதை அடைபட்டால் வயதானவர்கள் அந்த மூன்று மைல் றோட்டால் வரமாட்டார்கள். ஆள் வராவிட்டால் தேவாலயத்தை மூடிவிடுவார்கள்.

"ஆனால் நிறையிறதுக்கு முந்தியே உங்கட பலகை வந்திட்டுது" என்றார். "அனுமதி உண்டு எண்டு. பச்சை எழுத்தில."

அவர் என் தோளில் தட்டினார். "நீங்கள் அன்பாத்தான் செய்தனீங்கள். அது எனக்கு முதல் நாளே விளங்கினது. அதுதான் எனக்குத் தாங்கேலாமல் போனது."

ஜனவரி 17, சனி

வெட்கமாக இருக்கிறது. மற்றவர்களுக்குத் தெரியாமல் போகலாம், எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கிணற்றடிக்குப் போகிற ஒழுங்கை ஒன்று இருந்தது. பக்கத்துக் காணிக்காரருடைய மகன் அதை வேலி போட்டு அடைக்க, வழக்குக் கோட்டுக்குப் போயிற்று. எதிர்ப்பக்க வக்கீல் அப்பாவைக் கேட்டது ஒரே கேள்வி. முந்தின காணிக்காரர் உங்களைப் போகச் சொன்னவரோ? அப்பா மரியாதை தெரிந்தவர், செத்தவரைப் பற்றிக் குறைவாகச் சொல்ல மனம் வராது. "ஓம், தங்கமான மனுசன், தாராளமாப் போங்கோ எண்டுதான் சொன்னவர்" என்றார். வழக்கு அத்தோடு சரி. அதற்குப் பிறகு அம்மா தண்ணீர்க் குடத்தோடு சுற்றுவழியால் வரும்போதெல்லாம் அப்பாவைத் 'தங்கமான மனுசன்' என்றே கூப்பிட்டார்.

பலகையைக் கழற்றப் போனேன். தூணில் ஆணி ஓட்டைதான் இருந்தது. பென்விக்கின் ஆள் வந்து பத்திரமாக எடுத்துக்கொண்டு போய்விட்டாராம்.

பெப்ரவரி 6, வெள்ளி

பென்விக் வந்தார், தேத்தண்ணி குடித்தார், நல்ல பிள்ளையாகக் குசினிக் கதிரையில் இருந்து பேசினார். முதலாளியின் வக்கீல் சொல்கிறாராம், பலகை மாளிகையின் சொல்லாக இருந்தால் ஊரின் விண்ணப்பம் விழுந்துவிடும். வேலைக்காரி தன் எண்ணத்துக்கு வைத்தது என்றால் அது வெறும் பலகை. அதனால் நிர்வாகத்தின் சொற்படிதான் வைத்தேன் என்று நான் எழுதித் தர வேண்டும்.

"பொய் சொல்லச் சொல்லி நான் கேக்கேல்லை" என்றார். "வாறவைக்கு நல்ல முகம் காட்டச் சொல்லி முதல் நாளே சொன்னனான். நீங்கள் அதைத்தானே செய்தனீங்கள்?"

யோசித்துப் பார்த்தால் அது பொய் இல்லைத்தான். அதுதான் கஷ்டம்.

"கோடைக்குப் பிறகும் நீங்கள் ரெண்டு பேரும் இஞ்ச இருக்கவேணும் எண்டுதான் எனக்கு விருப்பம்" என்றும் சொன்னார். மிரட்டவில்லை. உண்மையாகவே விருப்பம் என்றுதான் நினைக்கிறேன். கடதாசியை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

இவர் அதைத் தொடவில்லை. "கையெழுத்தை வையும் மலர்" என்றார். "எனக்கு இனி ஏணி ஏறி, பெட்டி தூக்கி, புது இடம் தேட ஏலாது. வேற ஆக்களின்ர பாதைக்கு நாங்கள் ஏன் வீடு குடுக்கவேணும்?"

இவர் சொல்வது சரி. இந்த நெஞ்சை வைத்துக்கொண்டு இவர் படுகிற பாடு எனக்குத்தான் தெரியும்.

பெப்ரவரி 9, திங்கள்

வெள்ளிப் பாத்திர அறை தூசி தட்டினேன். வேறு விசேஷம் இல்லை.

பெப்ரவரி 15, ஞாயிறு

போனார்கள். ஒருவரும் பார்க்கவில்லை. நான் யன்னலடியில் நிற்கவில்லை, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். மிஸிஸ் பெடோஸ் இப்போது இடையிடையே நின்று முழங்காலைப் பிடித்துக்கொள்கிறார்.

பெப்ரவரி 20, வெள்ளி

கடதாசி மேசையில்தான் இருக்கிறது. அதன் மேலே சீனிப் போத்தலை வைத்தேன், பறக்காமல். இவரும் நானும் அதைப் பற்றிக் கதைப்பதில்லை. பாய்லரைப் பற்றிக் கதைக்கிறோம்.

பெப்ரவரி 26, வியாழன்

மாடிப்படியில் அந்த இரண்டு படங்களுக்கும் முன்னால் நின்றேன். இரண்டாவது படத்தில் அந்தச் சின்னப் பொம்பிளை நின்ற இடத்தில் அன்னம். அவளை அங்கிருந்து எழுப்பியபோதும் ஆரோ ஒருவர் நல்ல பிள்ளையாகத்தான் வந்து கேட்டிருப்பார்.

கையெழுத்து வைக்கவில்லை. கவுன்சில் அதிகாரி அடுத்த கிழமை கிராமத்து மண்டபத்துக்கு வந்து இரண்டு பக்கத்தையும் கேட்கப் போகிறாராம். நேரில் சொல்கிறேன் என்று பென்விக்கிடம் சொல்லிவிட்டேன். அவர் நல்லது என்றார். நான் எதைச் சொல்வேன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எனக்கே தெரியாது.

மார்ச் 4, புதன்

மண்டபம் நிறைந்திருந்தது. அதிகாரி கண்ணாடி போட்ட ஒரு பெண், சளிப் பிடித்திருந்தது. ஊர்க்காரர் ஒவ்வொருவராக எழும்பி, எப்போதிருந்து நடக்கிறோம், ஆரையும் கேட்டதில்லை என்று சொன்னார்கள். பிறகு வக்கீல் என் பலகையை ஒரு துணிப்பையிலிருந்து எடுத்து மேசையில் சாத்தினார். அந்த வெளிச்சத்தில் ஹோலி இலை பாகற்காய் மாதிரி இருந்தது. என்னைக் கூப்பிட்டார்கள்.

"இதை வச்சது நீங்களோ?"

"ஓம்."

"வைக்கச் சொல்லி ஆராவது உங்களுக்குச் சொன்னவையோ?"

இவர் பின்வரிசையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். என்னைப் பார்க்கவில்லை. குசினியும், ஓடும், ஓட்டுக்கு மேலே இருக்கிற அமைதியும் எனக்கு ஞாபகம் வந்தது. அந்த வீட்டை நான் எவ்வளவு விரும்புகிறேன் என்று அந்த நேரத்தில்தான் முழுக்க விளங்கியது.

"ஒருத்தரும் சொல்லேல்லை. எனக்காத் தோன்றி வச்சது."

பென்விக் எழும்பினார். குரலில் கோபம் இல்லை. "மிஸிஸ் குணரத்தினம், வாறவைக்கு நல்ல முகம் காட்டச் சொல்லி முதல் நாளே நான் சொன்னனான் எல்லே?"

"சொன்னனீங்கள்."

மண்டபத்தில் ஆரோ பெருமூச்சு விட்டது கேட்டது.

"வாறவைக்கு எண்டுதான் சொன்னனீங்கள்" என்றேன். "இவை வீட்டுக்கு வரேல்லை. தங்கட வழியால போச்சினம். அவையைப் போகச் சொல்லவும் வேண்டாமெண்டு சொல்லவும் நான் ஆர்? எனக்கு அது அப்ப தெரியேல்லை."

அதிகாரி எழுதினார், மூக்கைத் துடைத்தார், திரும்ப எழுதினார். வேறு ஆருக்காவது இந்தப் பலகையைப் பற்றித் தெரியுமா என்று கேட்டார். ஒரு கதிரை பின்னால் இழுபட்டது.

இவர்தான். வாழ்க்கையில் ஒரு கூட்டத்தில் இவர் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. "பலகை அறுத்தது நான். ஆணி அடிச்சதும் நான்" என்றார். "நிர்வாகத்தைக் கேப்பம் எண்டனான், இவ கேக்கேல்லை. இவ சொன்னா நான் செய்வன். கல்யாணம் கட்டின நாளில இருந்து அப்பிடித்தான்."

சனம் சிரித்தது. அதிகாரியும் சிரித்து, அதனால் இருமி, அதையும் எழுதிக்கொண்டார். காரில் திரும்பி வந்தோம். வீட்டு வாசலில் இறங்கி நின்று, "ஏனப்பா எழும்பினனீங்கள்?" என்று இவரைக் கேட்டேன். "நீர் தனிய நிண்டது பாக்கப் பிடிக்கேல்லை" என்றார்.

மார்ச் 11, புதன்

கடிதத்தைப் பென்விக்கே கொண்டுவந்தார், தபாலில் போடவில்லை. நிர்வாகத்தைக் கேளாமல் மாளிகை வாசலில் அறிவித்தல் வைத்த காரணத்தால் வேலை முடிகிறது. மாதக் கடைசியில் வீட்டைக் கொடுக்க வேண்டும். "நீங்கள் சொன்னதில ஒரு சொல்கூடப் பிழையில்லை, அதுதான் பிரச்சினை" என்றார். தேத்தண்ணி வேண்டாம் என்றார். போகும்போது இவருடைய கையைக் குலுக்கினார்.

மகள் தன்னோடு வந்து இருக்கச் சொல்கிறாள். அது மூன்றாவது மாடி, மேலே இன்னும் மூன்று மாடி. இவர் பெட்டி கட்டத் தொடங்கிவிட்டார். ஒரு பெட்டி கட்டுவார், நெஞ்சைத் தடவுவார், இருப்பார். நான் பார்க்காத மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கவுன்சிலின் முடிவு வர இன்னும் மாதங்கள் ஆகுமாம். பலகை கணக்கில் வராது என்று மட்டும் அதிகாரி எழுதியிருக்கிறாராம்.

மார்ச் 15, ஞாயிறு

காலையில் பாதையால் போனார்கள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு இப்போது அதில் ஒரு வருத்தமும் இல்லை. மிஸிஸ் பெடோஸ் கூட்டத்தில் இல்லை. முழங்கால்தான் இனி விடாதாக்கும் என்று நினைத்தேன்.

மத்தியானம், சோறு வடிக்கும் நேரம், முன்கதவில் தட்டும் சத்தம் கேட்டது. றோட்டுப் பக்கத்துக் கதவு. நாங்கள் வந்த நாளிலிருந்து அதை ஒருவரும் தட்டியதில்லை. மழைக்கு ஊறி இறுகிப்போயிருந்தது. இவர் தோளால் இடித்துத்தான் திறந்தார்.

மிஸிஸ் பெடோஸ் நின்றார். சப்பாத்திலும் பாவாடை விளிம்பிலும் றோட்டுச் சேறு, ஒரு பக்கம் முள் கிழித்திருந்தது. கார் வரும்போதெல்லாம் வேலிக்குள் ஒதுங்கியிருக்க வேண்டும். மூச்சு வாங்க ஊன்றுகோலில் சாய்ந்து நின்றார்.

"மூண்டு மைலையும் நடந்தோ வந்தனீங்கள்?" என்று கேட்டேன். "காலமை மற்றவையோட பாதையால வந்திருக்கலாமே. ஒரு எட்டில வந்திருப்பியள்."

"முடிவு வரும் வரைக்கும் அந்தப் பாதையில நிண்டு உங்களுக்குச் சொல்லக்கூடாத சொல் ஒண்டு இருக்கு" என்றார். "கடையில சொல்லுவம் எண்டு பாத்துக்கொண்டிருந்தன், நீங்கள் வரேல்லை. போகப் போறியள் எண்டு கேள்விப்பட்டன். அதுதான் றோட்டால சுத்தி வந்தனான்."

ஊன்றுகோலைச் சுவரில் சாத்தினார். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, நிமிர்ந்து நின்று, அந்தச் சொல்லைச் சொன்னார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை. இவர் பெட்டிகளை ஒதுக்கி ஒரு கதிரை கொண்டுவந்து போட்டார், அவர் இருந்தார், நான் சோற்றை இறக்கிவிட்டுத் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தேன்.